பழுது பார்த்த பின் பலம் குன்றிய கார்

நேற்று வரை நிறைந்து நின்ற பால் கோப்பை இன்று பாதியாக நின்றால், அனுபவமுள்ள பால்மரத் தொழிலாளி என்ன செய்வார்? மரத்தையே வெட்டிச் சாய்க்க முற்படுவாரா? மாட்டார். இடையில் மாறியது என்ன என்று முதலில் நோக்குவார். கத்தி மாறியதா, வெட்டின் சரிவு மாறியதா, வெட்டிய கை மாறியதா, அன்றி மரம் இலையுதிர்க்கும் பருவமா என ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து, காரணத்தைக் கண்ட பின்னரே கத்தியை எடுப்பார்.

இத்தகைய கூர்மையான பார்வையுடைய அன்பர்கள் பலர், வீட்டு வாசலில் நிற்கும் பழைய காரின் முன் வந்து நின்றவுடன் அப்பார்வையை மறந்துவிடுகின்றனர். கார் பலம் குன்றியதும், “காயில் போயிருக்கும்” என்று ஒருவர் கூறுவார். “பெட்ரோல் பம்ப் போயிருக்கும்” என்று மற்றொருவர் கூறுவார். கூறியவர்களுக்குச் செலவில்லை. கேட்டவர் உதிரிப்பாகக் கடைக்கு நடக்கிறார். கட்டுரைக்கு இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அண்மையில் நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியாகும்.

நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு வட்டாரத்தில் ஒரு தோட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். அங்குப் பால்மரம் வெட்டும் அன்பர் ஒருவர் பழைய புரோட்டோன் சாகா கார் ஒன்றை வைத்திருந்தார். 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகம் கண்ட நம் நாட்டின் முதல் தேசியக் காரின் வழிவந்தது, 1.3 லிட்டர் இயந்திரமும் கார்புரேட்டரும் கொண்டது. கணினிப் பெட்டி ஏதும் இல்லாத கார் ஆதலால், ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் அதன் அருகே துணிவுடன் அமரலாம். இன்றும் இத்தகைய கார்களைத் தோட்டங்களில் விட்டுப் பிரிய மனமின்றி வைத்திருப்போர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீபாவளி விடுமுறையின்போது அவரும் அவருடைய மைத்துனரும் இரண்டே நாள்களில் அக்காருக்குப் பல வேலைகளைச் செய்து முடித்தனர். டைமிங் பெல்ட் மாற்றப்பட்டது. நான்கு ஸ்பார்க் பிளக்குகளும் அவற்றின் வயர்களும் மாற்றப்பட்டன. ஏர் பில்டர் புதிது. பின் சக்கரங்களின் பிரேக் கட்டைகளும் புதியவை. எல்லாம் முடிந்தபின் தோட்டத்துச் சாலையில் இருமுறை ஓட்டிப் பார்த்தனர். இயந்திரம் நிற்கும்போது பூனைபோல் சீராக உறுமியது. இருவரும் மனநிறைவுடன் கை கழுவினர்.

அடுத்த வாரம் அவ்வன்பர் தம் தாயாரைக் கண் சிகிச்சைக்காகச் சிரம்பானுக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டார். கோல கிளாவாங்கிலிருந்து சிரம்பானுக்குச் செல்லும் சாலை புக்கிட் தங்கா மலையை ஏறி இறங்குவது என்பதையும், அது வளைவுகள் மிகுந்தது என்பதையும் அவ்வழி சென்றோர் அறிவர். காரில் நால்வர் இருந்தனர். மூன்றாவது கியரில் எளிதாக ஏறி வந்த இடத்தில் கார் திணறியது. இரண்டாவது கியருக்கு மாற்றினார், அதிலும் தளர்ந்தது. முதல் கியரில் நத்தைபோல் ஊர்ந்துகொண்டிருக்கையில், பின்னால் மரம் ஏற்றிய லோரி ஒன்று ஒலியெழுப்பிக்கொண்டு நெருங்கியது. ஒதுங்க இடமில்லை. “அன்று அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை, ஐயா, என் தோளை மட்டும் பிடித்துக்கொண்டே இருந்தார்” என்று அவர் நம்மிடம் கூறினார்.

வீடு திரும்பியவர் புதிய காயில் வாங்கிப் பொருத்தினார். பயனில்லை. பெட்ரோல் பம்பை மாற்றினார். அதிலும் பயனில்லை. நாம் சென்றபோது கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு ஸ்குரூ டிரைவரை எடுத்து வைத்திருந்தார். நல்ல வேளையாக, அத்தோட்டத்து லோரிகளைப் பல்லாண்டு பழுது பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அங்கு வந்து சேர்ந்தார். அன்று மாலை அவர் செய்த சோதனையை அருகிருந்து பார்த்தோம். அவர் கேட்ட முதற் கேள்வி, “இந்தக் காருக்கு என்ன கோளாறு?” என்பதன்று. “கடைசியாக நீங்கள் கைவைத்த இடங்கள் எவை?” என்பதே.

கை வைத்த இடங்களின் பட்டியல்

ஒரு கார் நெடுநாள் ஓடித் தேய்ந்து பலம் குன்றுவது வேறு. பழுது பார்த்த மறுநாளே பலம் குன்றுவது வேறு. முன்னதில் பிஸ்டன் வளையம், வால்வு போன்றவை மெல்ல மெல்லத் தளர்ந்திருக்கும். பின்னதில், நேற்று வரை நன்றாக இருந்த காயிலும் பம்பும் அந்த இரண்டு நாள்களிலேயே கெட்டுப்போயிருத்தல் அரிது. கழற்றி மாட்டிய இடத்தில் தவறு நேர்ந்திருப்பதே இயல்பு. ஆகவே, செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதுக. செய்த வேலைக்காக வழியில் அகற்றியவற்றையும் எழுதுக. ஏர் பில்டர் பெட்டியைத் தூக்கும்போது ஒரு சிறு ரப்பர் குழாயைப் பிடுங்கியிருப்போம். அது நம் நினைவில் ஒரு வேலையாகவே பதிந்திராது.

பெரியவர் சொல்லச் சொல்ல அன்பரின் மகள் பள்ளி நோட்டில் எழுதினாள். நான்கு வேலைகள் என்று தொடங்கிய பட்டியல் பதினொன்றில் சென்று முடிந்தது. அவற்றுள் ஒன்பதாவதாக வந்தது, “மாமா டிஸ்டிரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பினார்” என்பது. அதைக் கேட்டுப் பெரியவர் புருவத்தை உயர்த்தினார். ஆயினும் ஒன்றும் கூறவில்லை.

பலம் பிறக்கவில்லையா, பிறந்த பலம் வீணாகிறதா?

இயந்திரத்தின் மூடியைத் திறக்குமுன் இதனைத் தெளிவு செய்துகொள்ள வேண்டும். இயந்திரம் நன்றாக உழைத்தும், அவ்வுழைப்புச் சாலைக்கு வந்து சேராமற் போவதுண்டு. புதிய பிரேக் கட்டைகளை அளவுக்கு மீறி இறுக்கி வைத்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டுவதற்கு ஒப்பாகும். பிரேக்கை அதிகம் மிதிக்காமல் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கு அருகிலும் புறங்கையைக் கொண்டு செல்க. ஒன்று மட்டும் மிகுதியாகச் சுட்டால் அங்கே உராய்வு உண்டு. சாகா முன்சக்கர இழுவைக் கார் ஆதலின், பின்புறத்தைத் தூக்கி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பின் சக்கரங்களைக் கையாற் சுழற்றியும் காணலாம். அவ்வாறு தூக்கும்போது முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க மறவாதீர். ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் எவரும் தலையை நுழைக்கலாகாது. உறுதியான தாங்கி வேண்டும். செங்கல்லும் சிமெண்டுக் கல்லும் தாங்கி ஆகா. அவை முன்னறிவிப்பின்றி உடையக்கூடியவை.

கிளட்ச் வழுக்கினாலும் கார் இழுக்காது. ஆனால் அதன் அடையாளம் வேறு. மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இயந்திரத்தின் ஒலி மட்டும் உயரும், காரின் வேகம் உயராது. சில வேளைகளில் தீய்ந்த நெடியும் வரும். நம் அன்பரின் காரில் ஒலியும் உயரவில்லை, வேகமும் உயரவில்லை. சக்கரங்களும் தடையின்றிச் சுழன்றன. ஆகவே குறை இயந்திரத்தினுள் என்பது உறுதியாயிற்று. இவ்வளவுக்கும் கால் மணி நேரமே ஆயிற்று. ஒரு சென்னும் செலவாகவில்லை.

காற்றும் எரிபொருளும்

அடுத்து, ஆக்சிலரேட்டர் முழுமையாகத் திறக்கின்றதா என்று காண வேண்டும். இது சிரிப்பிற்குரியதாகத் தோன்றலாம். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் உள்ளே அமர்ந்து மிதியை இறுதி வரை மிதிக்க, மற்றொருவர் கார்புரேட்டரின் திறப்பு நெம்புகோலைக் கவனிக்க வேண்டும். கேபிள் தளர்ந்திருந்தாலோ, காலடியில் புதிதாக விரித்த தடித்த விரிப்பு மிதியைத் தடுத்தாலோ, பாதித் திறப்போடு நின்றுவிடும். கார்புரேட்டரையே கழற்றிக் கழுவிய பின்னர், குற்றவாளி அந்த விரிப்பே என்று கண்டு நாணியவர்களும் உண்டு.

ஏர் பில்டர் பெட்டியினுள் துணி ஏதும் தங்கிவிட்டதா எனவும் பார்க்க வேண்டும். பெட்ரோல் பில்டரை மாற்றியிருந்தால், அதன் மேலுள்ள அம்புக்குறி இயந்திரத்தை நோக்கியுள்ளதா என அறிக. கழற்றிய ரப்பர் குழாய்கள் அனைத்தும் உரிய இடத்தில் உள்ளனவா, வெடித்துள்ளனவா என விரலால் தடவிப் பார்க்க. வெற்றிடக் குழாய் ஒன்று கழன்றிருந்தால் அங்குக் காற்று புகுந்து கலவை மெலியும். டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் குழாய் கழன்றிருந்தால், ஓட்டத்திற்கேற்பத் தீப்பொறி முந்துவது தடைப்படும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பெட்ரோல் குழாயைத் தொடும் வேலையின்போது அருகில் சிகரெட்டோ, சாமி விளக்கோ, கொசுவத்தியோ இருத்தலாகாது. சூடான புகைக்குழாயின் மேல் பெட்ரோல் சிந்தினால் துடைத்து ஆறவிட்ட பின்னரே இயந்திரத்தை முடுக்க வேண்டும். மூடிய கொட்டகையினுள் இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதித்தல் உயிருக்கே ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாதது. வருவது தெரியாமலே மயக்கிவிடும். கைலி உடுத்திக் குனிவோர் விசிறியையும் பெல்ட்டையும் நினைவிற் கொள்க. சாகாவின் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தால் இயங்குவது. நின்றிருக்கும் விசிறி சூடேறியதும் தானே சுழலத் தொடங்கும்.

தீப்பொறி

பிளக் வயர்கள் இடம் மாறிப்போதல் வீட்டு வேலையில் அடிக்கடி நேரும் தவறாகும். இக்காரின் தீப்பொறி வரிசை 1, 3, 4, 2 என்பது. டிஸ்டிரிபியூட்டரின் சுழற்சித் திசையில் இவ்வரிசைப்படியே வயர்கள் அமைய வேண்டும். இரண்டு வயர்கள் மாறினால் இயந்திரம் குலுங்கும், வெடிக்கும். ஆகவே அது தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். இங்கு அத்தகைய குலுக்கம் இல்லை. பெரியவர் பிளக்குகளைக் கழற்றி ஒரு பழைய செய்தித்தாளின் மேல் வரிசையாக வைத்தார். நான்கின் முனையும் ஏறத்தாழ ஒரே நிறம். சற்றே கருமை கலந்த பழுப்பு. ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்தச் சிலிண்டரில் குறை என்று கொள்ளலாம். நான்கும் ஒன்றாக இருந்தன.

பழைய டட்சன் போன்ற பாயிண்ட் கொண்ட கார்களை வைத்திருப்போர்க்கு இங்கு ஒரு சொல். பாயிண்ட்டின் இடைவெளியை மாற்றினால் தீப்பொறி நேரமும் உடன் மாறும். இடைவெளி கூடினால் பொறி முந்தும், குறைந்தால் பிந்தும். எனவே முதலில் இடைவெளி, பின்னரே நேரம் என்ற ஒழுங்கை விடலாகாது.

பெரியவர் தம் பெட்டியிலிருந்து டைமிங் விளக்கை எடுத்து நேரத்தைச் சோதித்தார். இயந்திர அறையில் ஒட்டியிருந்த தாளில் கண்ட அளவோடு அது பொருந்தியே இருந்தது. அன்பரின் முகம் வாடியது. ஆனால் பெரியவரின் முகத்தில் ஒரு புன்னகை தோன்றியது. அவர் விளக்கை வைத்துவிட்டு டிஸ்டிரிபியூட்டரைச் சுட்டினார். அதனைப் பிடித்து நிறுத்தும் போல்ட் ஒரு நீண்ட பிளவினுள் அமைந்துள்ளது. டிஸ்டிரிபியூட்டரைச் சிறிது இப்புறமும் அப்புறமும் திருப்பி நேரத்தைச் சரிசெய்வதற்காகவே அப்பிளவு. போல்ட் வழக்கமாக அதன் நடுப்பகுதியை ஒட்டி நிற்கும். இங்கோ அது பிளவின் ஒரு கோடியில் முட்டி நின்றது. பழைய இடத்தின் எண்ணெய்க் கறை நடுவில் தெளிவாகத் தெரிந்தது.

“நேரம் சரியாக இருக்கிறது. ஆனால் சரியாக இருக்க இவ்வளவு தூரம் திருப்ப வேண்டிய அவசியம் என்ன?” என்று கேட்டார்.

நான்கும் ஒன்றாகத் தளர்ந்தால்

கேள்வியின் விடையை அவர் உடனே கூறவில்லை. கம்ப்ரஷன் சோதனையைத் தொடங்கினார். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, தீப்பொறிக்குரிய மின்தொடர்பைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரால் ஐந்தாறு சுற்றுச் சுழற்றி, அளவுமானி காட்டுவதைக் குறிப்பதே இச்சோதனை. நான்கு சிலிண்டர்களும் ஏறத்தாழ ஒரே எண்ணைக் காட்டின. ஆனால் அந்த எண் இருக்க வேண்டிய அளவைவிடக் குறைவு. ஒவ்வொன்றிலும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் பார்த்தார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக உயரும். இங்கு உயர்வு மிகச் சிறிதே.

நாம் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் ஆதலின் இவ்விடத்தில் நமக்கு வகுப்பறை நினைவுக்கு வந்தது. ஒரு பிள்ளை மட்டும் ஒரு கணக்கில் தவறினால் அப்பிள்ளையைக் கவனிக்க வேண்டும். வகுப்பு முழுவதும் அதே கணக்கில் ஒன்றாகத் தவறினால், கரும்பலகையில் எழுதியவரைத்தான் கவனிக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களுக்கும் பொதுவாக நேரத்தை எழுதித் தருவது டைமிங் பெல்ட்.

அதன் தொழிலைச் சுருங்கக் கூறுவோம். பிஸ்டன்களை இயக்கும் கிராங்க் தண்டு கீழே உள்ளது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு மேலே உள்ளது. கிராங்க் இருமுறை சுழன்றால் கேம் ஒருமுறை சுழல வேண்டும். இவ்விரண்டையும் இணைத்து முறை தவறாமல் வைப்பது அந்தப் பல் பட்டை. பொருத்தும்போது அது ஒரே ஒரு பல் தவறினாலும், வால்வுகள் திறப்பதும் மூடுவதும் கிராங்க் சுழற்சியின் கணக்கில் பத்துப் பதினைந்து பாகை விலகிவிடும். இயந்திரம் முடுக்கினால் முடுங்கும், ஓடவும் ஓடும். ஆனால் கேம் பிந்தினால், காற்றும் பெட்ரோலும் உள்ளே வந்தபின் மூட வேண்டிய வால்வு தாமதித்து மூடுகிறது. பிஸ்டன் மேலேறும்போது வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பித் தள்ளப்படுகிறது. வேகம் குறைந்த நிலையில், அதாவது பளுவுடன் மேடு ஏறும் நிலையில், இக்குறை மிகுதியாகத் தெரியும்.

அப்படியாயின் நிற்கும்போது அவ்வளவு சீராக ஓடியது எவ்வாறு? இங்கேதான் மைத்துனரின் நல்லெண்ணம் வினையாயிற்று. இவ்வகை இயந்திரத்தில் டிஸ்டிரிபியூட்டரைச் சுழற்றுவதும் அதே கேம் தண்டுதான். கேம் ஒரு பல் பிந்தியதும் தீப்பொறியும் உடன் பிந்திற்று. பெல்ட் மாற்றியவுடன் இயந்திரம் சற்றுத் தடுமாறியிருக்கிறது. மைத்துனர் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பித் திருப்பி, காதால் கேட்டு, சீராக ஓடும் இடத்தில் இறுக்கிவிட்டார். பொறியின் பிழை மறைந்தது. வால்வுகளின் பிழை நிலைத்தது. ஒரு தவறை மற்றொரு திருத்தத்தால் மூடியதனால், டைமிங் விளக்கும் ‘எல்லாம் நலம்’ என்று சாட்சி சொல்லிற்று. புதிய காயிலும் பம்பும் இதில் என்ன செய்யும்?

வெற்றிடமானி வைத்திருப்போர் இதனை வேறு வழியிலும் அறியலாம். சீராக ஓடும் நல்ல இயந்திரம் நிற்கும் வேகத்தில் 17 முதல் 21 அங்குலம் வரை அசையாமல் காட்டும். முள் துடிக்காமல், ஆனால் அதற்குக் கீழே நிலைத்து நின்றால், பொறியின் நேரமோ வால்வுகளின் நேரமோ பிந்தியிருக்கலாம். பொறி சரியென உறுதியானபின் எஞ்சுவது எது என்பது தெளிவு.

மேலுறையைக் கழற்றிக் குறிகளை ஒப்பிட்டபோது பெரியவரின் கணிப்பு மெய்யாயிற்று. கிராங்க் குறி தன் இடத்தில் நிற்க, கேம் சக்கரத்தின் குறி ஒரு பல் பின்தங்கி நின்றது. தவறு நேர்ந்த விதமும் விளங்கிற்று. பெல்ட்டைக் கழற்றியதும் வால்வு ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தால் கேம் தண்டு தானே சிறிது அசைவதுண்டு. புதிய பெல்ட்டைப் போடும்போது, இறுக்கிச் சக்கரம் இல்லாத பக்கத்தில் தொய்வு விட்டுப் பொருத்தியிருக்கின்றனர். இறுக்கியதும் அத்தொய்வு ஒரு பல்லாக வெளிப்பட்டுவிட்டது. பொருத்தியபின் ஸ்பேனரால் கிராங்க்கை அது ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அவ்வாறு சுழற்றும்போது எங்கேனும் கடினமாகத் தட்டினால் வலிந்து திருப்பாமல் நிறுத்த வேண்டும். வால்வும் பிஸ்டனும் மோதுவதற்கு அது அறிகுறியாகலாம். இந்த இரு சுற்றுக்கு மூன்று நிமிடமும் ஆகாது.

இதனைப் படிப்போர், ‘இனிப் பெல்ட் வேலையை நாம் தொடுவதே தவறு’ என்று எண்ண வேண்டியதில்லை. அவ்வன்பரின் வேலையில் பெரும்பகுதி நன்றாகவே இருந்தது. பிரேக் வேலையைப் பெரியவரே பாராட்டினார். நம் கருத்தில் அவர் செய்த பிழை, நான்கு வேலைகளை ஒருங்கே செய்து ஒருங்கே ஓட்டிப் பார்த்தது. ஒரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்து, பின்னர் அடுத்ததைத் தொடங்கியிருந்தால், எந்த வேலைக்குப் பின் பலம் குன்றியது என்பது ஐயமின்றித் தெரிந்திருக்கும். ஓட்டிப் பார்ப்பதும் சமமான தோட்டத்துச் சாலையில் அன்று. பழகிய ஒரு மேட்டில், வழக்கமான கியரில். குழாய்களைக் கழற்றுமுன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது இன்று எவர்க்கும் எளிது. டிஸ்டிரிபியூட்டரைத் தொடுமுன் அதன் அடியில் ஒரு கோடு கீறி வைத்தாலே போதும். எவ்வளவு திருப்பினோம் என்பது மறைக்க முடியாததாகிவிடும். கழற்றிய பழைய பாகங்களை உடனே குப்பையில் இடாமல் ஒரு பிஸ்கட் டின்னில் சில வாரம் வைத்திருப்பதும் நன்று. ஐயம் எழும்போது பழைய பிளக்கையோ வயரையோ மீண்டும் பொருத்திப் பார்க்கலாம் அல்லவா?

அம்மானிகள் எல்லார் வீட்டிலும் இரா. மானியில்லாத இடத்தில், பட்டியல் முதல் பிளக்கின் நிறம் வரையுள்ள சோதனைகளை மட்டும் செய்து, கண்டதை எழுதிப் பட்டறைக்காரரிடம் கொடுக்கலாம். “கார் இழுக்கவில்லை” என்று மட்டும் கூறுவதற்கும், “பெல்ட் மாற்றிய நாள் முதல் இழுக்கவில்லை, சக்கரமும் கிளட்ச்சும் நன்று, டிஸ்டிரிபியூட்டர் இவ்வளவு திருப்பப்பட்டுள்ளது” என்று கூறுவதற்கும் கூலியில் வேறுபாடு உண்டு. செய்ததை மறைத்துப் பேசுவோர் தம் பணத்தையே மறைத்துக் கொடுக்கின்றனர்.

பெல்ட் அன்றிரவே சரியாகப் பொருத்தப்பட்டது. டிஸ்டிரிபியூட்டரின் போல்ட் பழைய எண்ணெய்க் கறையின் மேலேயே வந்து அமர்ந்தது. மறுநாள் காலை வெட்டு முடிந்ததும் அவ்வன்பர் தனியாகவே புக்கிட் தங்காவுக்கு ஓட்டிச் சென்று திரும்பினார். மூன்றாவது கியரில் ஏறியதாகக் கூறினார். பெல்ட் மாற்றிய தேதியும் அன்று கார் ஓடியிருந்த கிலோமீட்டரும் இப்பொழுது அவர் மகளின் கையெழுத்தில், முன்மூடியின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளன. தாயாரின் அடுத்த சிகிச்சை நாளையும் அச்சிறுமி அதே தாளின் கீழே குறித்து வைத்திருக்கிறாள்.